ஏவுதற் கருத்தா: கையெழுத்திடாத அதிகாரமும் சட்டத்தின் கதவுகளும்

1

‘தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் அதிகாரம்’ என்கிற சொற்சேர்க்கை இன்று எல்லாத் தரப்பிலும் புழங்குகிறது. ஆளுநரைக் குறித்துப் பேசுகையில் மாநிலக் கட்சிகள் சொல்கின்றன. நீதிபதிகளைக் குறித்துப் பேசுகையில் மத்திய அமைச்சர்கள் சொல்கிறார்கள். தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தபோது, இந்தியச் சனநாயகம் தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் கொடுங்கோன்மையாகிவிடக் கூடாது என்கிற பொருளில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி எழுதினார். அதற்கு முன்பு, 2004இல் சோனியா காந்தி தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டபோது, அதில் இடம்பெற்ற களப்பணியாளர்களைப் பார்த்து ‘இவங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டது?’ என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் பலர், நிதியமைச்சகத்துக்குள் சர்வசாதாரணமாகப் போய்வந்த தொழிலதிபர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டதில்லை.

ஆக, இந்தச் சொல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உழைக்கிற சொல்லாக இருக்கிறது. இதை அப்படியே எடுத்துப் புழங்கினால் நாளைக்கு அது நம்மையே, அதாவது எந்தப் பதவியிலும் இல்லாமல் அரசின் முடிவுகளை மாற்ற முயன்றுகொண்டிருக்கும் எழுத்தாளர்களையும் இயக்கத்தவர்களையும், நோக்கித் திரும்பும். எனவே முதலில் வகைபிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆளுநரும் நீதிபதியும் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள்தாம். ஆனால் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்துப் போடுகிற ஆளைச் சட்டத்தால் பிடிக்க முடியும். தமிழ்நாட்டு ஆளுநர் பத்து மசோதாக்களை நிறுத்திவைத்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு சொன்னது. காலக்கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு கருத்துரைத்தது. இரண்டில் எது சரி என்பது வேறு விவாதம். விவாதிக்க முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஆளுநருக்கு ஒரு முகவரி இருக்கிறது. அவருடைய செயலுக்கு, செயலின்மைக்கும்கூட, ஒரு தேதி இருக்கிறது.

என் கவலை இன்னொரு வகையினரைப் பற்றியது. அவருக்குப் பதவி கிடையாது. கோப்பில் அவர் பெயர் வராது. ஆனால் ‘மேல இருந்து சொல்லிட்டாங்க’ என்று அலுவலகங்களில் சொல்கிறபோது அந்த ‘மேல’ என்பதில் அவர் இருக்கிறார். குடும்பத்தவராக இருக்கலாம், கட்சிக்குப் பணம் கொடுத்தவராக இருக்கலாம், ஆளுங்கட்சிக்குப் பின்னாலிருக்கும் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஒப்பந்ததாரராக இருக்கலாம்.

நான் சட்டம் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். மூன்றாம் வேற்றுமையைப் பாடமாகச் சொல்லும்போது கருத்தாவை இரண்டாகப் பிரிப்பார்கள். ‘தச்சனால் கட்டப்பட்ட கோயில்’ என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அரசன் ஒரு கல்லையும் தூக்கியிருக்க மாட்டான். ஆனாலும் கட்டியவன் அவனே என்று இலக்கணம் ஒத்துக்கொள்கிறது. நமது நிர்வாகச் சட்டமோ பெரும்பாலும் இயற்றுதற் கருத்தாவை மட்டுமே அறியும். ஆணையில் கையெழுத்திட்டவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கும். ஏவியவர் யார் என்கிற கேள்விக்கென்று தனியாக ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புவதற்குச் சில கதவுகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு தூரம் திறக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இந்தியாவில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது நெருக்கடிநிலைக்குப் பிறகு. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரையிலான அந்தக் காலத்தில் சஞ்சய் காந்தி எந்த அரசுப் பதவியிலும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை. ‘அரசியல் சட்டத்துக்கு அப்பாற்பட்ட அதிகார மையம்’ என்கிற தொடர் அவரையொட்டித்தான் நமது அரசியல் மொழிக்குள் வந்து நிலைத்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால் மாற்றப்பட்டு வி.சி. சுக்லா வந்தார். டெல்லியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

ஜனதா அரசு 1977 மே மாதம் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் அது. 1978இல் மூன்று அறிக்கைகள் தந்தது. அவற்றை வாசிக்கையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது ஒன்றுதான்: வாய்மொழி உத்தரவு. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட இரவில் டெல்லிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டதே தொலைபேசியில் வந்த உத்தரவின் பேரில்தான். அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்றார்கள். யாரால் சொல்லப்பட்டது? அங்கேதான் வாக்கியம் முறிந்து போகிறது. ‘சொல்லப்பட்டது’, ‘முடிவெடுக்கப்பட்டது’, ‘அறிவுறுத்தப்பட்டது’ என்று அலுவலகத் தமிழில் செயப்பாட்டு வினை இவ்வளவு பெருகிக் கிடப்பது மொழிபெயர்ப்புக் கோளாறு மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எழுவாயை மறைத்துப் பேசுவதில் அதிகாரத்துக்கு லாபம் இருக்கிறது.

ஷா ஆணையம் அந்த எழுவாயை வெளியே கொண்டுவந்தது. டெல்லி இடிப்புகளில் எந்தப் பொறுப்பிலும் இல்லாத சஞ்சய் காந்தியின் சொல் செல்லுபடியானதைப் பதிவுசெய்தது. அதோடு அதன் சக்தி முடிந்தது. விசாரணை ஆணையத்தின் முடிவு தீர்ப்பல்ல. யாரையும் கட்டுப்படுத்தாது என்பது 1958இலேயே டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். இந்திரா காந்தி ஆணையத்தின் முன் உறுதிமொழி ஏற்றுச் சாட்சியம் சொல்ல மறுத்தார். 1979இல் தனி நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. 1980 ஜனவரியில் ஆட்சி மாறியது, வழக்குகள் சரிந்தன. அறிக்கையின் பிரதிகளே கிடைக்காமல் போயின. பின்னர் 2010இல் அதைத் தேடியெடுத்து மறுபடியும் நூலாக்கியவர் நமது இரா. செழியன். நாடாளுமன்றத்தில் பழுத்த அனுபவமுள்ள ஒரு முதியவர் தன் கைவசமிருந்த பிரதியைக் கொண்டு அதைச் செய்ய வேண்டியிருந்தது.

விசாரணை ஆணையம் என்பது முதல் கதவு. உண்மையைச் சொல்ல வைக்கும், தண்டிக்காது. அதை அமைப்பதும் அரசுதான். அதாவது ஏவியவர்கள் தோற்ற பிறகே இந்தக் கதவு திறக்கும். ஆட்சியில் இருக்கும்போதே அவர்களைக் கேட்க வேறு வழி வேண்டும்.

3

இரண்டாவது கதவு இருக்கையைப் பற்றியது. ‘கோ வாரண்டோ’ என்கிற நீதிப்பேராணையைத் தமிழில் ‘தகுதிமுறை வினவும் பேராணை’ என்கிறார்கள். நீ எந்த அதிகாரத்தால் இந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பது. பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. குடிமக்கள் யாரும் கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கலாம்.

இது எவ்வளவு வலுவானது, எந்த இடத்தில் கையாலாகாதது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். தமிழ்நாட்டு உதாரணம் என்பதால் நமக்கெல்லாம் நினைவிருக்கும். டான்சி வழக்கில் தண்டிக்கப்பட்டு, வேட்புமனுக்கள் தள்ளுபடியான நிலையில் 2001 மே 14 அன்று ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார். பி.ஆர். கபூர் வழக்கில் செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. மக்கள் ஆதரவு எவ்வளவு இருந்தாலும், தகுதியிழந்த ஒருவரை முதல்வராக்க ஆளுநருக்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஒரு முதல்வரை நாற்காலியிலிருந்து நீதிமன்றம் இறக்கியது. சாதாரண விஷயமல்ல.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று, மேல்முறையீட்டில் விடுதலையாகி, ஆண்டிபட்டியில் வென்று ஜெயலலிதா திரும்பி வரும் வரை அந்த ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட காலமும் யார் ஆண்டார்கள் என்று டீக்கடையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நீதிமன்றத்தால் இருக்கையிலிருந்து ஒருவரை நீக்க முடிந்தது. இருக்கையில் இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? ‘நீங்க எந்த அதிகாரத்துல இங்க இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘நான் எங்கேயும் இல்லையே’ என்பதுதான் பதிலாக வரும்.

ஆதாயம் தரும் பதவி பற்றிய 102, 191 பிரிவுகளும் இதே போலத்தான். 2006இல் தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி குறித்து அந்தச் சர்ச்சை எழுந்தபோது சோனியா காந்தி நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் குழுவின் தலைமையையும் துறந்து மறுபடியும் தேர்தலில் நின்றார். அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தப் பதவிக்கு விலக்கு அளித்தது. இருக்கையைக் குறிவைக்கும் சட்டம் இருக்கை இருந்தால்தான் வேலை செய்யும். அப்போதும் சட்டமியற்றுபவர்கள் நினைத்தால் அதற்கு ஒரு விலக்கு எழுதிக்கொள்ளலாம்.

4

மூன்றாவது கதவைத்தான் நான் முக்கியமானதாக நினைக்கிறேன். செயல்பாட்டாளர்கள் மத்தியில் இது போதுமான அளவு அறியப்படவில்லை. ஏவியவரைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன, ஏவப்பட்டதாலேயே அந்த ஆணை செல்லாது என்று வாதிட முடியும்.

பம்பாய் அந்தேரியில் ஒரு சினிமாக் கொட்டகை கட்ட 1947இல் போலீஸ் கமிஷனர் அனுமதி தந்தார். பிறகு அரசு சொன்னதன் பேரில் அதை ரத்து செய்து கடிதம் அனுப்பினார். கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கு என்று அறியப்படும் இதில் 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரத்து செய்யும் அதிகாரத்தை விதிகள் கமிஷனருக்குத்தான் தந்திருக்கின்றன. அவர் தன் அறிவைச் செலுத்தி முடிவெடுக்கவில்லை. வேறொருவர் எடுத்த முடிவைத் தபால்காரர்போலக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். எனவே அது அவருடைய ஆணையே அல்ல. ‘அப்போது என் மனதில் இருந்தது இது’ என்று பின்னால் வந்து விளக்கம் சொல்லவும் முடியாது. ஆணையின் வாசகம்தான் பேச வேண்டும்.

இந்தக் கோட்பாடு பிறகு பல வழக்குகளில் வளர்ந்தது. பீகாரில் கரும்பு ஆணையர் முதலமைச்சர் சொன்னபடி ஆலைகளுக்கான பகுதிகளை மாற்றியமைத்தார். 1968இல் அது செல்லாதென்று தீர்ப்பானது. குஜராத்தில் தடா சட்டத்தைப் பயன்படுத்தும் முடிவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தானே எடுக்காமல் அரசின் அனுமதியைக் கேட்டுச் செய்தார். 1995இல் ஜடேஜா வழக்கில் அதுவும் அடிபட்டது. இங்கொன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வழக்குகளில் ஏவியது அரசு, முதலமைச்சர்: எல்லோரும் பதவியில் இருந்தவர்கள். மேலதிகாரியும் முதலமைச்சரும் சொல்லியே செல்லாது எனில், எந்தப் பதவியிலும் இல்லாத ஒருவர் சொல்லிச் செய்தது எப்படிச் செல்லும்?

கேள்வி சரி. நிரூபிப்பது எப்படி? சொன்னது வாயால். சாட்சி, சொல்லப்பட்டவர் மட்டுமே. அவருக்கோ இடமாற்றல் பயம், பதவி உயர்வு ஆசை.

இந்த இடத்தில்தான் 2013 அக்டோபர் 31 தீர்ப்பு வருகிறது. மத்திய அரசின் அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற வேறு பல உயர் அதிகாரிகளும் தொடுத்த வழக்கு. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவு, யோசனை, பரிந்துரை ஆகியவற்றின் அடிப்படையில் செயல்படக் கூடாது, வருவதை எழுத்தில் பதிய வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படிப் பதியாவிட்டால் தகவலறியும் உரிமையே பொருளற்றுப் போகும் என்றும் சுட்டியது. மேலதிகாரிகள், அமைச்சர்கள் ஆகியோரோடு தொழில் நலன்களும் பிற நலன்களும் தரும் அழுத்தத்திலிருந்தும் அதிகாரிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அது குறிப்பிட்டதைத் தனியாக அடிக்கோடிட வேண்டும். இது புதிய யோசனையுமல்ல. 1964இல் அறிக்கை தந்த சந்தானம் குழுவும் 2004இல் ஹோட்டா குழுவும் வலியுறுத்தியதைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளிலும், மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகத் தந்தால் விரைவில் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எந்த அலுவலகத்திலும் போய்ப் பாருங்கள், கைப்பேசி அடித்துக்கொண்டிருக்கும். தீர்ப்பு அந்தக் கைப்பேசியை அமைதியாக்கிவிடவில்லை. ஆனால் நேர்மையாக இருக்க விரும்புகிற ஓர் அதிகாரிக்கு ‘எழுதிக் குடுங்க சார், செஞ்சுடறேன்’ என்று சொல்வதற்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பின்வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏனெனில் இப்படிப்பட்ட அதிகாரத்தின் பலமே எழுதப்படாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

5

நான்காவது கதவு பணம். ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியரைப் பற்றியது என்றே பலரும் நினைக்கிறோம். தன் தனிப்பட்ட செல்வாக்கைப் பயன்படுத்திப் பொது ஊழியரை ஒரு காரியத்தைச் செய்யவோ செய்யாதிருக்கவோ தூண்டுவதற்காக ஆதாயம் பெறும் எவரும் குற்றவாளி என்று அதில் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக இருந்தது; 2018 திருத்தத்துக்குப் பிறகு 7ஏ பிரிவில் இருக்கிறது. பதவி இல்லை என்பது இங்கே தப்பிக்கும் வழியல்ல.

இன்னொரு வழி, உடந்தை. வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்த வழக்குகளில் பொது ஊழியர் அல்லாதவரையும் உடந்தைக் குற்றத்துக்காகச் சேர்த்து விசாரிக்கலாம் என்று 1999இல் நல்லம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அரசுப் பதவி எதையும் வகித்திராத வி.கே. சசிகலாவைச் சட்டம் எட்டியது இந்த வழியாகத்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கூட்டுச்சதி, உடந்தைப் பிரிவுகளின் கீழ் அவர் பெற்ற தண்டனையை 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கு எதைப் பற்றியது? 1991க்கும் 1996க்கும் இடையில் சேர்ந்த சொத்துகளைப் பற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தவிர, அந்த வழக்கு சொத்தைப் பற்றித்தான் பேசியது. அந்த ஐந்தாண்டுகளில் யார் சொல்லி எந்தக் கோப்பு நகர்ந்தது என்பதைப் பற்றிப் பேசவில்லை. பேசவும் அதற்கு இடமில்லை. பணம் கைமாறினால் மட்டுமே திறக்கும் கதவு இது. பாசத்தால், பயத்தால், கொள்கையால் நடக்கும் ஏவலை இது அறியாது.

தேர்தல் பத்திரத் தீர்ப்பு இதிலிருந்து வேறுபட்டது. 2017 நிதிச் சட்டத்தின் மூலம் கம்பெனிகள் தரும் நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத உச்சவரம்பு நீக்கப்பட்டது. கொடுத்தவர் பெயரைக் கட்சி சொல்ல வேண்டியதில்லை என்றாயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று ஐவர் அமர்வு ஒருமனதாக இதைச் செல்லாதென்றது. தீர்ப்பின் தர்க்கம் கவனத்துக்குரியது. இன்னார் இன்னாருக்கு லஞ்சம் கொடுத்தார் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. பணம் கொள்கையின் மீது செல்வாக்குச் செலுத்தக் கூடியது. எனவே யார் கொடுத்தது என்று அறிவது வாக்காளரின் பேச்சுரிமையின் பகுதி, 19(1)(அ) பிரிவின் பகுதி என்றது. அதாவது ஏவுகிறவர் யாராக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதற்குத் தேவையான தகவலே குடிமக்களின் உரிமை.

மார்ச் மாதம் பட்டியல் வெளிவந்தது. அதிக மதிப்புக்குப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்டிருக்கும் தமிழ்நாட்டில், அந்நிறுவனத்திடமிருந்து 509 கோடி ரூபாய் பெற்றதாகத் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. கொடுத்தவர் பெயரைச் சொன்ன ஒருசில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதைவைத்து மட்டும் யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும், முன்பு அதுவும் முடியாதிருந்தது. சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டுமென்ற மனுக்களை அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரணச் சட்டத்தில் இருக்கும் வழிகளைத் தேடிக்கொள்ளுங்கள் என்றது. வழக்குத் தொடுத்து ஆறாண்டுக்கு மேல், அதற்கிடையில் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் அந்தப் பணத்தில் நடந்து முடிந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

6

ஐந்தாவது கதவு காகிதம், அதாவது தகவலறியும் உரிமைச் சட்டம். மேலே சொன்ன நான்கு கதவுகளுக்கும் சாவி இதுதான்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது? ராஜஸ்தான் கிராமங்களில் கூலிப்பட்டியலைப் பொதுவில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட உழைப்பாளிகளின் போராட்டத்திலிருந்து வந்தது. தில்லியில் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்ததில் பெரும்பங்கு தேசிய ஆலோசனைக் குழுவுக்கு உண்டு. ஆம், யாரும் ஓட்டுப் போடாத அதே குழு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும் அதற்குப் பங்குண்டு. முதல் பகுதியில் எழுப்பிய பிரச்சினைக்கு இங்கே பதில் கிடைக்கிறதாக நினைக்கிறேன். தேசிய ஆலோசனைக் குழுவின் மீது எத்தனையோ விமர்சனம் வைக்கலாம். ஆனால் அதன் உறுப்பினர்கள் யாரென்று தெரியும். பரிந்துரை என்னவென்று தெரியும். அரசு எதை ஏற்றது, எதை நிராகரித்தது என்பதும் தெரிந்தது. எதிர்த்து எழுத முடிந்தது. சஞ்சய் காந்தியின் தொலைபேசியை எதிர்த்து எழுத முடியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரா இல்லையா என்பதல்ல இங்கே கோடு. பெயரோடும் தேதியோடும் வருகிற செல்வாக்கா, பெயரில்லாமல் வருகிற செல்வாக்கா என்பதே கோடு. கோரிக்கை மனுவோடு கோட்டைக்குப் போகிற நாமும் செல்வாக்குச் செலுத்தத்தான் போகிறோம். நம் மனுவில் நம் கையெழுத்து இருக்கிறது.

இந்தக் கதவைத்தான் இப்போது சாத்துகிறார்கள். தனிநபர் தகவல் குறித்த 8(1)(ஒ) பிரிவு, முன்பு பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற தனித்தகவலை மட்டுமே காத்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அமைச்சரைச் சந்தித்தவர் பெயரைக் கேட்டால் ‘அது தனிநபர் தகவல்’ என்று ஒரு வரியில் மறுக்க இனி இடமுண்டு. பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்கிற 8(2) பிரிவு மட்டும் மிச்சமிருக்கிறது; அதைச் சொல்லித்தான் வாதாட வேண்டும். கட்சிகளின் கதை இன்னும் பழையது. ஆறு தேசியக் கட்சிகள் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்டது. ஒரு கட்சியும் மதிக்கவில்லை. வலதும் இடதும் ஒன்றுபட்ட அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று.

அரசியல்வாதி, குற்றவாளி, அதிகாரி ஆகியோரின் கூட்டை ஆராய்ந்த வோரா குழு 1993இல் அறிக்கை தந்தது. ஒரு இணை அரசாங்கமே நடக்கிறது என்கிற அளவுக்கு அது பேசியது. 1995இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பிரதியோ சில பக்கங்களே கொண்டது, பெயர்கள் இல்லை. அதன் ஆதாரங்களை வெளியிடும்படி ஆணையிட 1997இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏவுதற் கருத்தாவின் பெயரை எழுதிய காகிதம் இருந்தாலும் அது நம் கைக்கு வராது என்பதற்கு இது சாட்சி.

7

வேறு நாடுகளில் இதற்கென்றே சட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் அரசுக்கு யோசனை சொல்லும் குழுக்களின் கூட்டமும் ஆவணங்களும் திறந்திருக்க வேண்டும் என்கிற சட்டம் 1972இல் வந்தது; காசு வாங்கிக்கொண்டு செல்வாக்குச் செலுத்துவோர் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்கிற சட்டம் 1995இல் வந்தது. ஆனாலும் 2025இல் ஈலோன் மஸ்க் எந்தத் தேர்தலும் நியமன ஒப்புதலும் இல்லாமல் அரசுத் துறைகளைக் கலைக்கும் வேலையில் இறங்கினார். மாநிலங்கள் தொடுத்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிபதி மறுத்தது மே மாத இறுதியில். அதே வாரத்தில் மஸ்க் கிளம்பிப் போய்விட்டார். சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் அந்தச் சட்டம்கூட இல்லை.

எனவே கேட்க வேண்டியவை சில. அமைச்சர்களும் செயலாளர்களும் யாரைச் சந்தித்தார்கள், எது குறித்து என்கிற பதிவேடு மாதாமாதம் வெளிவர வேண்டும். 2013 தீர்ப்பின்படி வாய்மொழி உத்தரவைப் பதியத் தவறுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக வேண்டும். தகவலறியும் சட்டத்தில் நீக்கப்பட்ட நிபந்தனைகள் திரும்ப வேண்டும். கட்சிகள் அதற்குள் வர வேண்டும்.

இவை வரும்வரை கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியதும் உண்டு. நிலம் கையகப்படுத்தலோ, கூட்டத்துக்கு அனுமதி மறுப்போ, புத்தகத்துக்குத் தடையோ, ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லப்பட்டால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பதவியில் இருப்பவருடைய உத்தரவு, என்ன தேதி, எழுத்திலா வாயிலா என்று எழுத்துமூலம் கேளுங்கள். கோப்பில் இருக்கும் குறிப்புத் தாள்களைத் தகவலறியும் சட்டத்தில் கேளுங்கள். அவற்றில் இருக்கும் அபிப்பிராயங்களும் ஆலோசனைகளும் அந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி தகவல்தான். பதில் வந்தால் ஒரு பெயர் கிடைக்கும். பதில் வராவிட்டால் ‘அதிகாரமுள்ளவர் தானாக முடிவெடுக்கவில்லை’ என்கிற வாதத்துக்கு அந்த மௌனமே உதவும். பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், கோப்பையே வரவழைத்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

ஒரு கடிதத்தால் ஏவியவர் பிடிபட்டுவிட மாட்டார். ஆனால் கையெழுத்திட்டவருக்கு, தான் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது புரியத் தொடங்கும். அடுத்த முறை தொலைபேசி வரும்போது எழுதித் தரும்படி அவர் கேட்கக்கூடும்.